வரலாற்றுப் பலகைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, மின்னஞ்சலில் படித்துக்கொள்ளலாம் என்று வீட்டிலிருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழும் நாம், இந்த மண்ணின் நினைவுச் சின்னங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று தொடங்கிய குழு இது. பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. கோடைச் சுற்றுலா நடந்தது. செயற்குழு அவ்வப்போது கூடியது, போதிய உறுப்பினர் வராமல் கலைந்ததும் உண்டு.

இளவேனிலில் பாஸ்டன் நகரின் நடுவே உள்ள எலைஹு யேல் பலகையைப் பார்த்தோம். 1649இல் அவர் பிறந்த இடம் அருகில் இருந்தது என்றும், அவர் சென்னையின் ஆளுநர் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். ஊழல் புகாரில் 1692இல் அந்தப் பதவி பறிபோனதைப் பொறிக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய கல்லூரிக்கு (இன்றைய யேல் பல்கலைக்கழகம்) அவர் கொடுத்தது 417 புத்தகங்களும் ஒன்பது பொதி சரக்கும். அந்தச் சரக்கு விற்ற பணம் அங்கே கட்டடம் எழ உதவியது. பிள்ளைகள் தாளை வைத்துப் பென்சிலால் உரசி, கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல் எழுத்துகளைப் படியெடுத்தார்கள். ‘மெட்ராஸ்’ என்ற சொல் தாளில் மேலெழுந்தபோது கூடவே ஒரு கைதட்டலும் எழுந்தது.

அடுத்து சேலம். (ஊருக்குப் போனில் சொன்னால் மாம்பழம் வாங்கி வரச் சொல்கிறார்கள், இது பாஸ்டனிலிருந்து ரயிலில் போகும் சேலம்.) சூனியம் செய்ததாகத் தொடுத்த வழக்குகளில் கொல்லப்பட்டவர்களுக்காக 1992இல் திறந்த நினைவிடத்தில், ஆளுக்கொன்றாக இருபது கல் இருக்கைகள், ஒவ்வொன்றிலும் பெயர். மாநிலத்தின் 1930ஆம் ஆண்டு முந்நூறாண்டு நிறைவுக்கு ஊர் ஊராக நட்ட வார்ப்பிரும்புப் பலகைகளையும் பார்த்துவந்தோம்.

இனி, நான் பொறுப்பேற்றிருக்கும் பணிக்கு வருகிறேன். சேலத்தின் கிழக்குத் தேவாலயப் போதகர் வில்லியம் பென்ட்லி, 1790 டிசம்பர் 29 அன்று தம் நாட்குறிப்பில் சென்னையிலிருந்து வந்த ஒருவரைக் கண்டதாக எழுதியிருக்கிறார். கரிய நிறம், நீண்ட கருங்கூந்தல், உயர்ந்த உருவம். கேப்டன் ஜிபோவின் கப்பலில் வந்தவர், ஐரோப்பாவும் பார்த்தவர். தலைமுடி வரை எழுதிய பென்ட்லி, அவர் பெயரை எழுதவில்லை. அந்த மனிதருக்கு ஒரு சிறு வெண்கலப் பலகை வைக்கவேண்டும் என்பதுதான் திட்டம்.

இதில் ஆண்டு முழுக்க ஓடியது வாசகச் சண்டைதான். ‘அமெரிக்காவில் கால் வைத்த முதல் தமிழர்’ என்று போடு என்கிறது ஒரு தரப்பு. அவர் என்ன மொழி பேசினார் என்று நாட்குறிப்பில் இல்லை. தெலுங்கராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். பென்ட்லி சொல்வதெல்லாம், இந்தியர் ஒருவரைத் தாம் முதன்முறை கண்டார் என்பதே. 1635இலேயே வர்ஜீனியா ஆவணத்தில் டோனி என்றொரு கிழக்கிந்தியர் இருக்கிறார். வெண்கலத்தில் வார்த்த பொய்யை அழிப்பது யார்? ‘சென்னையிலிருந்து வந்தவர், பெயர் தெரியவில்லை, 1790’, இதற்குமேல் ஓர் எழுத்தும் சேர்க்க நான் உடன்படவில்லை. இதற்காக என்னை இனப்பற்று இல்லாதவன் என்று வாட்ஸ்அப்பில் எழுதிய அன்பர் இவ்வாண்டுச் சந்தா இன்னும் கட்டவில்லை என்பதைப் பொருளாளர் சொன்னார். தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

வரவு செலவு: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடியே. கையிருப்பு உண்டு, ஆனால் வார்ப்புக் கூலிக்குப் போதாது. விவரம் கேட்போருக்குப் பொருளாளர் காட்டுவார். பலகைக்கென்று தனி நன்கொடை தருவதாக மேடையில் சொன்னவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே வாசிக்கப்போவதில்லை.

கூட்டங்களுக்கு இடம் தந்த நூலகத்தார்க்கும், இட்லி கொண்டுவந்த சகோதரிகளுக்கும், கார் ஓட்டிய இளைஞர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் சாவியையும் கோப்பையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வராவிட்டால் பலகைப் பணி முடியும்வரை தொடர்வதில் எனக்கும் மறுப்பில்லை. அதற்கு வாசகத் தீர்மானம் இன்றே நிறைவேறவேண்டும். நிலுவை வைத்திருப்போருக்கு வாக்குரிமை இல்லை என்பது விதி. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு காப்பி மேசையருகே அமர்ந்திருக்கிறார், வாக்கெடுப்பு காப்பிக்குப் பிறகு.

இங்ஙனம்,
செயலாளர்