டெனிஸ் ஆடியவர்களின் பெயர்கள் எங்கே? மட்டக்களப்பு, அம்பாறை விளையாட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கும், உள்ளூராட்சி சபையினருக்கும், ஒரு காலத்தில் ரக்கெட் பிடித்த எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் பக்கத்தில் டெனிஸ் பந்து இல்லாத வளவு கிடையாது. கிரிக்கெட் ஆடித் தேய்ந்து, ரோமம் உதிர்ந்து, கூரைப் பீலியில் சிக்கிக் கிடக்கும். ஆனால் இந்த ஊரில் டெனிஸ் ஆடினவர்கள் யார் என்று கேளுங்கள், பதில் சொல்ல ஆளைத் தேடவேண்டும். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு பெயர்ப்பட்டியல் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். விழா அல்ல, பட்டியல். விழா வேண்டுமென்றால் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விழாவை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்றால், கௌரவிப்பு விழாவுக்கு நம்மிடம் ஒரே அச்சுத்தான் இருக்கிறது. மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, அதிதி உரை, விசேட அதிதி உரை, பிரதம அதிதி உரை. கௌரவம் பெறவேண்டியவர் மூன்றாவது வரிசையில் விசிறிக்குத் தூரமாக உட்கார்ந்திருப்பார். நான் போன ஒரு விழாவில் வயதான ஒரு டெனிஸ்காரரை மேடைக்கு அழைத்து, ‘தலைசிறந்த விளையாட்டு வீரர்’ என்று வாசித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். என்ன விளையாட்டு, எந்த வருடம், யாரோடு ஆடினார் என்று ஒரு வரி இல்லை. மனுசன் கேடயத்தை வாங்கிக்கொண்டு வந்து, “தம்பி, நான் என்ன ஆடினேன் எண்டு இவங்களுக்குத் தெரியுமா?” என்று என்னிடமே கேட்டார். எந்த விழா என்று சொல்லப்போவதில்லை. எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான்.

நிலைக்கிற மரியாதை எப்படி இருக்கும் என்பது இந்த ஊருக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்த யேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர் ஒரு விளையாட்டரங்கில் இருக்கிறது. அவரைக் கண்ணால் காணாத பெடியன்கூட “வெபரில மெட்ச்” என்று அன்றாடம் சொல்கிறான். இதே மாதிரி ஒரு டெனிஸ் திடலின் சுவரில் பெயர்கள் இருந்தால், பயிற்சிக்கு வரும் பிள்ளை தினமும் பார்க்கும். வீட்டு ஷோகேஸில் உள்ள கேடயத்தை யார் பார்க்கிறார்கள்?

சரி, பட்டியலில் யாரைப் போடுவது? இங்கேதான் வாக்குவாதம் வரும். “நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கிண்ணம் ஆடினாரா?” என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கை 1953இலிருந்து டேவிஸ் கிண்ணத்தில் ஆடுகிறது. அந்த அணிக்குள் நுழைந்தவர்களுக்குத் தேசிய அளவில் பதிவு இருக்கும். நான் கேட்பது அதற்குக் கீழே, பதிவே இல்லாத அடுக்கை. அமெரிக்க டெனிஸ் சங்கம் அந்த நாட்டை 17 பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் பல, தங்கள் பிரதேச ஆட்டக்காரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் தனியாகப் புகழ்க்கூடம், அதாவது சிறந்தவர்களின் பெயரைப் பதிந்து வைக்கும் இடம், நடத்துகின்றன. விம்பிள்டன் வென்றவர்களை நிறைய வைத்திருக்கும் நாடே பிரதேசத்துக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று நினைக்கிறது. விம்பிள்டன் இல்லாத நமக்கு வேண்டாமாம்!

ஆடி வென்றவர்கள் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் அங்கேயே இருக்கிறது. வேர்ஜினியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்ற ஊரில் ரொபர்ட் வோல்டர் ஜோன்சன் என்று ஒரு டொக்டர் இருந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திடல்கள் மூடிக் கிடந்த காலம் அது. அவர் தன் வீட்டு வளவிலேயே டெனிஸ் திடல் போட்டு, கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பழக்கினார். 1957, 1958 இரண்டு வருடமும் விம்பிள்டன் வென்ற அல்தியா கிப்சனும் 1975இல் வென்ற ஆர்தர் ஆஷும் அவர் கைபட்டு வளர்ந்தவர்கள். சர்வதேச டெனிஸ் புகழ்க்கூடம் 2009இல் அவரைப் பங்களிப்பாளர் என்ற வகையில் சேர்த்துக்கொண்டது. நமக்குக் கிட்டிய பெயர் வேண்டுமென்றால் சென்னை விஜய் அமிர்தராஜ். 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி வரை ஆடியவர்தான். ஆனாலும் 2024இல் அவர் அந்தக் கூடத்துக்குள் போனது பங்களிப்பாளராக. அன்றைக்கே ஆட்டக்காரராகச் சேர்க்கப்பட்ட லியாண்டர் பயஸ், அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் நடத்திய பயிற்சிக்கூடத்தில் பழகியவர்.

ஆகவே நம் பட்டியலில் பழக்கியவர்களும் வரவேண்டும், திடலைப் பார்த்துக்கொண்டவர்களும் வரவேண்டும். கிறவல், அதாவது சரளை மண், திடல் என்பது சும்மா கிடக்கிற நிலம் இல்லை. காலையில் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, இரண்டு முளைக்கு நடுவே கயிறு கட்டி, ஓட்டை போட்ட பால்மா ரின்னிலிருந்து சுண்ணாம்பைத் தட்டித் தட்டிக் கோடு போடவேண்டும். 78 அடி நீளம், இரட்டையருக்கு 36 அடி அகலம். கயிறு கொஞ்சம் தளர்ந்தால் கோடு வளைந்துவிடும், பிறகு ஒவ்வொரு பந்துக்கும் ‘அவுட்’ சண்டை. வலையின் நடுவை மூன்று அடிக்கு இறக்க, திடல்காரர் ரக்கெட்டை நெட்டாக நிறுத்தி அதன் மேல் இன்னொன்றைக் குறுக்கே பிடித்து அளப்பார். மாரி பிறந்தால் முழு வேலையும் வெள்ளத்தோடு போய்விடும், தை மாதம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதைச் செய்தவருக்கு எந்த விழாவிலும் பொன்னாடை போர்த்தி நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் முதல் பெயர் அவருடையதாக இருக்கவேண்டும். இதில் என்னோடு சண்டை பிடிக்க வருபவர்கள் வரலாம்.

பெண்களைத் தேடுவதுதான் கடினம். பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து, கலியாணத்துக்குப் பிறகு கணவரின் முதலெழுத்து, அதற்கும் பிறகு கனடாவிலோ லண்டனிலோ வேறொரு பெயர். பேரப்பிள்ளைகளுக்கே அம்மம்மா டெனிஸ் ஆடினது தெரியாது. பழைய மாணவியர் சங்கங்கள் மூலம் கேட்டால் ஓரளவு பிடிக்கலாம். தமிழர் வீடுகளோடு நின்றுவிடவும் கூடாது. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்கள், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் ஆசிரியர்கள், 1949இல் கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் தொடங்கியபின் அம்பாறைக்கு வந்த சிங்கள உத்தியோகத்தர்கள் என்று எல்லார் வாசலுக்கும் போகவேண்டும். டெனிஸ் நெடுங்காலம் உத்தியோகத்தர் விளையாட்டாக இருந்தது. மாற்றலாகிப் போனவர்களின் அல்பங்களில்தான் பாதிப் படங்கள் இருக்கும்.

அவசரத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளோடு கடதாசிகளையும் கொண்டுபோனது. பிறகு யுத்தம், பிறகு 2004 சுனாமி. கரையோர வீடுகளில் எஞ்சியது தற்செயலாக எஞ்சியதுதான். பலகை ரக்கெட் வளையாமல் இருக்க நான்கு மூலையிலும் திருகாணி போட்ட மரச்சட்டத்தில் இறுக்கி வைப்பார்கள். அப்படி ஒன்று ஏதாவது வீட்டு அலுமாரிக்குப் பின்னால் இன்னும் இருக்கலாம். சொந்தக்காரர் இருக்கும்வரைதான் அதற்கு ஒரு கதை. அவர் போனால் விறகு.

தெரிவுக் குழுவில் பதவியில் உள்ள அரசியல்வாதிகள் வேண்டாம். இரண்டு பழைய ஆட்டக்காரர், ஒரு நடுவர், ஒரு வரலாற்று ஆசிரியர், இளம் பயிற்றுநர் ஒருவர் போதும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படமோ, சான்றிதழோ, கூட ஆடிய இருவரின் சொல்லோ கேளுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இறந்தவர்களையும் சேருங்கள். பணம் பெரிதாகத் தேவைப்படாது. ஒரு விழாவின் பந்தல் செலவில் பெயர்ப்பலகையைச் செய்து மாட்டிவிடலாம்.

வீடு வீடாகப் போய்ப் படம் எடுக்க, பேச்சைப் பதிவுசெய்ய என்னைப்போல் சிலர் தயாராக இருக்கிறோம். கொப்பியும் போனும் எங்களுடையவை. உங்களிடம் கேட்பது கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு கடிதம். இந்த மாவட்டங்களில் முன்பின் தெரியாதவர் வந்து பழைய படங்களையும் பெயர்களையும் விசாரித்தால், “ஆர் அனுப்பினது?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குக் காட்ட எங்களிடம் ஒரு தாள் இருக்கவேண்டும். மாரிக்கு முன் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு பழைய இரட்டையர் ஆட்டக்காரர்