பத்தாம் ஆண்டுச் சந்திப்பைக் குறித்து மகனுக்கு

புடாபெஸ்ட்

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். சூரிச்சில் உன் ஆய்வுத் துறையின் முகவரிக்கு அம்மா அனுப்பிய பொதி, பெறுநர் இங்கு இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. அறை மாறியிருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். புதிய முகவரியை எழுது.

உன் வகுப்பின் பத்தாம் ஆண்டுச் சந்திப்பு மே மாதக் கடைசியில் நடக்கப் போகிறது. எல்லோரும் பதில் எழுதிவிட்டார்கள், உன்னிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை என்று உன் வகுப்பாசிரியர் தொலைபேசியில் சொன்னார். பழைய வகுப்பறையிலேயே எல்லோரையும் அமரவைத்துப் பெயர் சொல்லி அழைப்பதும், அழைக்கப்பட்டவர் எழுந்து பள்ளியை விட்டபின் என்ன செய்தார் என்று சொல்வதும் இந்நாட்டு வழக்கம் என்பதை நீ அறிவாய். அந்த ஒரு மணி நேரத்தை எண்ணித்தான் நீ பதில் எழுதாமல் இருக்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் எதையும் நான் கேட்கவில்லை. அந்தப் பள்ளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கணிதத்தில் நாய்மன், இயற்பியலில் விக்னர், பொருளாதாரத்தில் ஹர்ஷாணி என்று, உனக்கு முன்பு அங்கே படித்துப் புகழ்பெற்ற மூவரின் பெயர்களைக் கேட்டுக்கொண்டேதான் நீ ஃபஷோர் பள்ளியில் வளர்ந்தாய். அந்தப் பெயர்கள் உன்மேல் பாரமாக உட்கார்ந்துவிட்டன என்றால், அவர்களுடைய வாழ்க்கையை நீ முழுவதுமாகக் கேட்கவில்லை என்றே சொல்வேன். விக்னர் 1920இல் பள்ளிப் படிப்பை முடித்தார். இயற்பியல் படிக்க ஆசைப்பட்ட அவரிடம், இந்நாட்டில் இயற்பியலாளருக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று தந்தை கேட்டார். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதுதான் விடை. ஆகவே பெர்லினில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு, தந்தை பொறுப்பில் இருந்த தோல் பதனிடும் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். இயற்பியலுக்கு அவர் திரும்பியது அதன் பிறகுதான். 1963இல் நோபல் பரிசு பெற்றவர், மேதைகள் பலரை ஹங்கேரி தந்தது எப்படி என்று கேட்கப்பட்டபோது, மேதை ஒருவர்தான், அவர் நாய்மன் என்றார். தனக்கு அடுத்த ஆண்டில் படித்தவனைப் பற்றி அப்படிச் சொல்ல அவர் கூசவில்லை.

ஹர்ஷாணியை நீ இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். பள்ளியை முடித்த 1937ஆம் ஆண்டிலேயே நாடளாவிய கணிதப் போட்டியில் முதலிடம் பெற்றவர் அவர். பெற்றோர் மருந்துக்கடை வைத்திருந்ததால் மருந்தியல் படித்தார். 1944இல் யூதர் என்பதற்காகக் கட்டாய உழைப்புப் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, நாடு கடத்தப்படவிருந்த வேளையில் ரயில் நிலையத்திலிருந்து தப்பி, இயேசு சபைத் துறவிகளின் மடத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார். 1950இல் எல்லையைக் கடந்து வெளியேறி ஆஸ்திரேலியா சென்றபின், இங்கு பெற்ற பட்டங்கள் அங்கே செல்லாததால், சிட்னியில் பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு மாலையில் பொருளாதாரம் படித்தார். தம்பி, அந்த ஆண்டுகளில் ஃபஷோரில் யாரேனும் அவருடைய பெயரை அழைத்திருந்தால், தொழிற்சாலைத் தொழிலாளி என்றுதான் அவர் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நோபல் பரிசு 1994இல்தான் வந்தது. பரிசு வந்திராவிட்டாலும் அவர் எழுந்து நின்று சொல்லத்தக்க பதில்தான் அது.

ராட்ஸ் லாஸ்லோவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1890 முதல் 1925 வரை அங்கே கணிதம் கற்பித்த அவரை, நாய்மனைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லி எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். சிறுவனின் தந்தையிடம் பேசி, பல்கலைக்கழக ஆசிரியர்களைக் கொண்டு அவனுக்குத் தனியாகப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தது உண்மைதான். அப்போதும் அவன் மற்றப் பிள்ளைகளோடு அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது, 1896 முதல் 1914 வரை அவர் இதழாசிரியராக இருந்து நடத்திய, பள்ளிப் பிள்ளைகளுக்கான கணித இதழ். கணக்குகள் மாதந்தோறும் அச்சாகி ஊர் ஊராகப் போகும். எந்த மூலையில் படிக்கும் பிள்ளையும் விடை எழுதி அனுப்பலாம், சரியாகச் செய்தவர்களின் பெயர் வெளியாகும். இன்றும் வரும் அந்த இதழில் உன் பெயரும், பிறகு உன் படமும் வந்ததை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறாள். நானும் காட்டுகிறேன். விக்னர் நோபல் விருந்தில் பேசியபோது, தமக்குப் புத்தகங்களைக் கொடுத்துக் கணிதத்தின் அழகை உணர்த்திய ராட்ஸை நினைவுகூர்ந்தார். பிரின்ஸ்டனில் தம் அறையிலும் அவருடைய படத்தை மாட்டியிருந்தார். உன் வகுப்பாசிரியருக்கு நீ ஒரு வரி எழுதவில்லை. இதை நான் கடிந்தே எழுதுகிறேன்.

லூத்தரன் சபையின் பள்ளி அது. 1823இல் தொடங்கியது. நீ படித்த கட்டடத்துக்கு 1904இல் வந்தது. நாம் சனிக்கிழமைகளில் காய்கறி வாங்கப் போகும் பெரிய சந்தைக் கூடத்தைக் கட்டிய பெட்ஸ் ஷாமுதான் அதையும் கட்டினார். வேறு சமயத்துப் பிள்ளைகளையும் அது சேர்த்துக்கொண்டது. யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே ஏராளமாகப் படித்தார்கள். அதை அறிந்துதான் உன்னை அங்கே சேர்த்தோம். 1952இல் கம்யூனிச அரசின் காலத்தில் பள்ளி மூடப்பட்டது. அங்கே இயற்பியல் கற்பித்துவந்த வெர்மெஷ் மிக்லோஷ், செபெல் தொழிற்சாலைப் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்குப் போய், அங்கிருந்த பிள்ளைகளுக்கு அதே பாடத்தை அதே அக்கறையோடு நடத்தினார். 1989இல் ஃபஷோர் மீண்டும் திறக்கப்பட்டபோது அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் அந்தப் பள்ளியே இல்லாமல் இருந்தது, தம்பி. அதைப் பள்ளியின் தோல்வி என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. உன் வாழ்வில் ஓரிரு ஆண்டுகள் எப்படிப் போயிருந்தாலும் அதற்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பின் குளிர்காலத்தில் பள்ளியின் கடைசி ஆண்டு என்பதற்கு அடையாளமாக உன் சட்டையில் நாடா குத்திய அன்று நீ வால்ஸ் நடனம் ஆடியதும், விடைபெறும் ஊர்வலத்தில் முன்னே நடந்தவன் தோளில் கை வைத்து, சிறு பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் பாடிச் சென்றதும் அம்மாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது. பள்ளியை முடிக்கும் உங்கள் வகுப்பினர் எல்லோருடைய படமும் இருந்த பலகையை, இந்நாட்டு வழக்கப்படி கடைச் சன்னலில் வைத்திருந்தபோது, அந்தத் தெருவில் வேலை இல்லாத நாளிலும் நான் அந்த வழியாகவே நடந்தேன். அந்தப் பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது பேராசிரியர்களா? ஒருவன் அடுமனை வைத்திருக்கிறான். ஒருத்தி முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறாள். உனக்கு அடுத்த இருக்கையில் இருந்தவன் மருத்துவப் படிப்பை இடையில் விட்டுவிட்டு டிராம் ஓட்டுகிறான். என்னைக் கண்டால் வணக்கம் சொல்லி உன்னை விசாரிப்பான். நன்றாக இருக்கிறான் என்று நானும் சொல்லிவிடுவேன். அது உண்மையா என்பதை நீதான் எனக்கு எழுத வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. இரவில் வெகுநேரம் விழித்திருக்காதே. வகுப்பாசிரியருக்கு எழுது. பணம் தேவைப்பட்டால் தயங்காமல் சொல். அதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. சந்திப்புக்குப் போக மனமில்லை என்றால் போகாதே, ஆனால் வரமுடியாது என்பதை அவருக்கு நீயே எழுது, என்னைக் கொண்டு சொல்லாதே. எப்படியானாலும் அந்த வாரம் வீட்டுக்கு வா. வியன்னா வழியாக வரும் ரயிலில் முன்பதிவு செய்தால் செலவு குறையும். நீ எந்த ரயிலில் வருகிறாய் என்பதை அம்மாவிடம் சொன்னால் கெலெட்டி நிலையத்துக்கு நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா