காலின்ஸை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

அப்பல்லோ 11 பற்றிய கட்டுரை படித்தேன். ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் சரி. மைக்கேல் காலின்ஸ் பெயர் ஒரு வரியில்கூட இல்லையே! 1969 ஜூலையில் அவர்கள் இருவரும் நிலவில் நடந்தபோது, கொலம்பியா கலத்தில் தனியாளாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போனால் 45 நிமிடத்துக்கு மேல் பூமியோடு பேச்சே கிடையாது.

அப்புறம் அந்தப் பேனா. அவர்கள் இருவரும் நிலவில் இறங்கிய ஈகிள் கலத்தை மேலே கிளப்பும் எஞ்சினுக்கான சுவிட்ச் உடைந்துகிடந்தது. ஆல்ட்ரின் தன்னிடமிருந்த ஸ்கெட்ச் பேனாவை அந்த ஓட்டைக்குள் விட்டு அழுத்தினார். அவ்வளவு செலவு செய்தும் கடைசியில் கைகொடுத்தது பேனாதான்! அவர்கள் கிளம்ப முடியாமல் போயிருந்தால் காலின்ஸ் தனியாகத்தான் பூமி திரும்பியிருக்க வேண்டும். அடுத்த முறை அவரைப் பற்றியும் நாலு வரி போடுங்கள்.

- ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்