காய்ச்சலோடு வருபவரிடம் அந்தக் கரும்புண்ணைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கும் ஊராட்சி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். மழைக்குப் பிறகு எங்கள் பகுதியில், புதர்களில் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தலைதூக்கியிருப்பது நீங்கள் அறியாததன்று. நோயாளிகளின் பட்டியலே உங்களிடம்தான் இருக்கிறது. எனவே நேராகவே கேட்கிறேன்: காய்ச்சலோடு வருபவரின் உடலில், பூச்சி கடித்த இடத்தில் உண்டாகும் அந்தக் கரும்புண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

எங்கள் தெருவில் களையெடுப்புக்குப் போகும் பெண் ஒருவர் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சலில் கிடந்தார். புறநோயாளிகள் பிரிவில் டெங்கு இல்லை என்று சொல்லி, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். மூச்சுத் திணறி வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகுதான், அங்கிருந்த செவிலியர் மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்றைக் கண்டார். அது பெரும்பாலும் வலிப்பதில்லை, அரிப்பதுமில்லை. அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என ஆடை மறைக்கும் இடங்களில்தான் அந்த ஒட்டுண்ணியின் இளம்பூச்சி அதிகம் கடிக்கிறது. திரைகூட இல்லாத அறையில், பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டால் ஒரு பெண் எதைக் காட்டுவார்?

கேட்பது ஒரு திரைச்சீலையும் ஒரு பெண் செவிலியரின் ஐந்து நிமிடமும். புண் எல்லோருக்கும் இருக்காது என்பதும் உண்மைதான். அதனால்தான் ஐயம் வலுத்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்கலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் வழிகாட்டுதல். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் இருக்கிறது. இரண்டும் அரிய மருந்துகள் அல்ல. தாமதம்தான் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

ஊராட்சியின் சுறுசுறுப்பையும் பாராட்ட வேண்டும். புகைமருந்து வண்டி தெருத்தெருவாக வந்து போனது. கொசுக்கள் வருந்தியிருக்கும். பள்ளிக்குப் பின்னால் எலி வளைகளோடு வளர்ந்து நிற்கும் புதரில்தான் இந்தப் பூச்சி இருக்கிறது. அந்தப் பக்கம் வண்டி திரும்பவே இல்லை. அமைச்சர் வருகைக்கென்றால் ஒரே இரவில் சாலையோரம் மொட்டையாகிறது. குழந்தைகள் நடக்கும் பாதைக்கு மட்டும் எப்போதும் நிதி இல்லை. புதரை வெட்ட வருபவர்களோ முழுக்கை உடையும் காலணியும் பூச்சிவிரட்டிக் களிம்பும் இல்லாமல் இறங்குகிறார்களே, அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் பின்னால் உள்ள புதரை, வெட்டுபவர்களுக்கு உரிய பாதுகாப்போடு, ஊராட்சி இந்த மாதமே அகற்ற வேண்டும். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டிய ஒவ்வொருவரையும் மறைவான இடத்தில் முழுமையாகப் பரிசோதித்து, கரும்புண் உண்டா இல்லையா என்பதை நோயாளிச் சீட்டிலேயே எழுதும்படி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுமாறு சுகாதார அலுவலர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உத்தரவின் நகலை நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அதைப் படித்துவிட்டு நாங்களே கேட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
இப்பகுதியில் குடியிருப்பவர்