நூலக பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது? கத்தோலிக்கப் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களே, தலைமையாசிரியர்களே, மறைமாவட்டக் கல்விப் பொறுப்பில் உள்ள அருட்தந்தையரே, அருட்சகோதரியரே,

வணக்கம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் நூலகப் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஜூன் மாதக் கால அட்டவணையும் வரவு செலவும் முடிவாவதற்குள் உங்கள் பார்வைக்கு வந்தால் பயன்படும்.

எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு வெளியே எதையும் வாசிப்பதில்லை என்ற வருத்தம் எல்லாக் கூட்டங்களிலும் பேசப்படுகிறது. பழி கைப்பேசியின் மேல் விழுகிறது. கைப்பேசிக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அது அனுமதிக்கப்படாத பள்ளி நேரத்திலும் பிள்ளையின் கைக்குப் புத்தகம் எட்டுவதில்லை. பல பள்ளிகளில் நூலகம் என்பது ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் கூட்டிப் பெருக்கித் திறக்கப்படும் அறை. புத்தகங்கள் இரும்பு பீரோவுக்குள், பீரோ பூட்டில், சாவி பொறுப்பாசிரியரின் கைப்பையில். அவரோ மாடியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

இந்தப் பூட்டுக்குப் பின்னால் இருப்பது பயம். ஆண்டுதோறும் இருப்பு சரிபார்க்கும்போது பத்துப் புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். சில இடங்களில் சொந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். அப்படியிருக்க அவர் ஏன் புத்தகத்தை வெளியே விடுவார்? மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் இந்தப் பயத்துக்கு மருந்து வைத்திருக்கின்றன. அவற்றின் 215ஆம் விதிப்படி, வழங்கப்பட்ட அல்லது பயன்படுத்தப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஆண்டுக்கு ஐந்து நூல் வரை தொலைவது இயல்பான இழப்பு. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரணை. மத்திய அரசு அலுவலகங்களுக்கான இந்த விதி நம் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இதையே அளவுகோலாக வைத்து நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போடலாம். அறுநூறு பிள்ளைகள் ஆண்டுக்குப் பத்துப் புத்தகம் வீதம் எடுத்தால் ஆறாயிரம் வழங்கல். அனுமதிக்கத்தக்க இழப்பு முப்பது புத்தகம். சராசரி விலை 150 ரூபாய் என்றால் 4,500 ரூபாய். ஆண்டு விழாப் பந்தல் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கே தெரியும். தீர்மானத்தை எழுதி, கையெழுத்திட்டு, பொறுப்பாசிரியரிடம் ஒரு நகலைக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த தலைமையாசிரியர் வந்ததும் அது காற்றோடு போய்விடும்.

பிள்ளைகள் பக்கமும் ஒரு பயம் உண்டு. புத்தகம் தொலைந்தால் ஹால் டிக்கெட் தரமாட்டார்கள், டி.சி. தரமாட்டார்கள் என்ற பேச்சு ஒரு முறை பரவினால் போதும், 'அதெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வராதே' என்று பெற்றோரே தடுத்துவிடுவார்கள். தாமதக் கட்டணமும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாளுக்கு ஒரு ரூபாய் என்றாலும் நாற்பது ரூபாய் சேர்ந்ததும் பிள்ளை நூலகம் இருக்கும் பக்கமே வருவதில்லை, புத்தகமும் வருவதில்லை. கட்டணத்தை எடுத்துவிடுங்கள். பழையதைத் திருப்பினால்தான் புதியது என்ற ஒரே விதி போதும். தொலைத்தவர் அதே விலையில் ஏதாவது ஒரு நல்ல கதைப்புத்தகம் வாங்கித் தரட்டும். முடியாதவரைத் தொல்லை செய்ய வேண்டாம்.

பூட்டைத் திறந்த பிறகு அடுத்த சிக்கல் தெரியவரும்: உள்ளே இருப்பவற்றில் பாதி யாருக்கும் ஆகாது. காலாவதியான பாடத்திட்டத்தின் கோனார் உரைகள், பழைய பொது அறிவுக் களஞ்சியங்கள், பங்குத்தந்தை ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற இறையியல் நூல்கள், நன்கொடையாக வந்த டைரிகள். 'எங்களிடம் எட்டாயிரம் நூல் உண்டு' என்று ஆண்டறிக்கையில் எழுத இவை உதவும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை முதல் அலமாரியில் இவற்றைப் பார்த்தால் அத்தோடு திரும்பிவிடும். ஐந்தாண்டாக யாரும் எடுக்காதது, கரையான் அரித்தது, தகவல் பழசானது ஆகிய மூன்றையும் தனியே எடுத்துப் பட்டியலிட்டு, மூவர் குழு கையெழுத்திட்டு, இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையில் கழித்துவிடுங்கள். இறையியல் நூல்கள் குருமடத்துக்குப் பயன்படும், அங்கே அனுப்புங்கள். அரிய பழம்பதிப்பு ஏதும் அகப்பட்டால் மட்டும் தனியே பாதுகாக்க வேண்டும். நம் பழைய பள்ளிகளில் அப்படி அகப்படுவது உண்டு, ஆகவே அவசரப்பட்டுப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

புனிதர் வரலாறுகளைப் பற்றி ஒரு சொல். அவை இருக்க வேண்டும். ஆனால் வாசலை ஒட்டிய அலமாரி முழுவதும் செப வழிகாட்டிகளும் புனிதர் வரலாறுகளுமாக இருந்தால், நம் வகுப்பறைகளில் பெருந்தொகையாக உள்ள இந்து, முஸ்லிம் பிள்ளைகள் 'இது நமக்கான இடம் இல்லை' என்று எண்ணிக்கொள்வார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளும் மறைக்கல்வி வகுப்பின் தொடர்ச்சி என்று நினைத்து நழுவுவார்கள். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைச் 'சமயம்' அலமாரியில் செருகியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அது வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் கதை. நகைச்சுவை அடுக்கில் வையுங்கள், தானாக நடமாடும்.

அடுக்கும் முறையிலும் மாற்றம் தேவை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி தசம முறையில் தமிழ்க் கதை, நாவல் எல்லாம் 894.8113 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். பேய்க்கதை தேடும் பிள்ளைக்கு அந்த எண் ஒன்றையும் சொல்லாது. அறிவியல், வரலாறு, பார்வை நூல்களுக்கு டூவி எண் இருக்கட்டும். கதைகளுக்கு முதுகில் வண்ண ஒட்டி போதும்: துப்பறிதலுக்குச் சிவப்பு, திகிலுக்குக் கறுப்பு, விளையாட்டுக்குப் பச்சை, நகைச்சுவைக்கு மஞ்சள், படக்கதைக்கு நீலம். ஒட்டியின் மேல் சாதாரண செல்லோ டேப் ஒட்டினால் நாளடைவில் மஞ்சளாகி உரிந்துவிடும். புத்தகத்துக்கே முழு பிளாஸ்டிக் அட்டை போட்டு அதற்குள் ஒட்டியை வைப்பது நல்லது. இருபது புத்தகமாவது முகப்பு தெரிய நிற்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். தமிழ்ப் புத்தகங்கள் பல மெல்லியவை, முதுகில் எழுத்தே இருக்காது. முதுகு தெரிய அடுக்கினால் அவை கண்ணுக்குத் தெரியாமலே கிடக்கும்.

வாங்கும்போது செய்யும் பெரிய பிழை, தலைப்புக்கு ஒரு பிரதி என்று முந்நூறு தலைப்பு வாங்குவது. இந்த வயதில் வாசிப்பு நண்பர் வழியாகத்தான் பரவும். ஒருவன் முடித்துவிட்டுச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவனுக்கு அது அன்றைக்கே கிடைக்க வேண்டும். மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னால் ஆசை அடங்கிவிடும். ஆகவே நூறு தலைப்பு, தலா மூன்று பிரதி. முந்நூறு புத்தகம், சராசரி 150 ரூபாய் விலை, மொத்தம் 45,000. புத்தகக் காட்சியில் வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியோடு 40,500. பாதிக்கு மேல் எண்பது முதல் நூற்றைம்பது பக்கத்துக்குள் இருக்கட்டும். தடித்த நாவலைத் தேடி வருபவர்கள் பிறகு வருவார்கள். தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கில நாவல் எட்டாது, ஆங்கிலவழிப் பிள்ளைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறும். இருவருக்கும் படக்கதையும் தரம் பிரித்த எளிய வாசிப்பு நூல்களும் பாலமாக இருக்கும். தேர்வுக் குழுவில் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பிலிருந்து நால்வரைச் சேர்த்து, புத்தகக் காட்சிக்கு அழைத்துச் சென்று, தொகையில் மூன்றில் ஒரு பங்கை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் எடுப்பதில் சில நமக்குப் பிடிக்காது. அவைதான் அதிகம் கைமாறி முதலில் கிழியும்.

இதில் தயக்கம் இருந்தால், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 தேதியிட்டு, குருத்துவப் பயிற்சியில் இலக்கியத்தின் பங்கு பற்றி எழுதிய மடலைப் பாருங்கள். 1964, 65ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகர இயேசு சபைப் பள்ளியில் அவர் இலக்கிய ஆசிரியர். பாடத்திட்டப்படி எல் சித் என்ற பழைய ஸ்பானியக் காவியம் நடத்த வேண்டும். பிள்ளைகளோ இருபதாம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் கார்சியா லோர்காவைக் கேட்டார்கள். காவியத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்களுக்குப் பிடித்த எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினார். கடமைக்காக வாசிப்பதைப் போல எதிர்விளைவு தருவது வேறில்லை என்ற பொருளில் அந்த மடலிலேயே எழுதியிருக்கிறார். தடைசெய்த நூல்களின் பட்டியலைத் திருச்சபையே 1966இல் நடைமுறையிலிருந்து எடுத்துவிட்டது. அதை நம் நூலக அறைகளில் வாய்மொழியாகத் தொடர வேண்டிய தேவை இல்லை.

ஆனாலும் புகார் வரும். காதல் காட்சி, கெட்ட வார்த்தை, சாதி பற்றிய பேச்சு என்று ஒரு பெற்றோரோ ஆசிரியரோ ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவார். அந்த நேரத்தில் முடிவெடுத்தால் புத்தகம் பீரோவுக்குள் போய்விடும், அதைப் பார்த்த பொறுப்பாசிரியர் அடுத்த ஆண்டு வம்பில்லாத நீதிக்கதைகளாகவே வாங்குவார். ஒரு பக்கக் கொள்கை எழுதி வையுங்கள்: புகார் எழுத்தில் வர வேண்டும்; அதைப் பார்க்க ஒரு மூவர் குழு, மூவரும் நூலை முழுதாக வாசிக்க வேண்டும்; பதினைந்து நாளில் முடிவு; அதுவரை நூல் அடுக்கிலேயே இருக்கும். ஆறு முதல் எட்டு வரை ஒரு பகுதி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இன்னொரு பகுதி என்று பிரித்துவிட்டாலே பெரும்பாலான புகார் எழாது.

நேரத்துக்கு வருகிறோம். அட்டவணையில் நூலகப் பாடவேளை இருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கும் அறிவியலும் அதை விழுங்கிவிடும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஜூனிலேயே விழுங்கிவிடும். அந்தப் பாடவேளைக்காகச் சண்டை போடுவதைவிட வேறு வழிகள் உண்டு. மதிய இடைவேளையில் இருபத்தைந்து நிமிடம் நாள்தோறும் திறந்திருக்கட்டும். மாலை நேரம் பேருந்துப் பிள்ளைகளுக்கு உதவாது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் நன்னெறிக்கும் பிரியும் பாடவேளையில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லாரையும் ஒரே வகுப்பில் இருத்தி அவரவர் புத்தகத்தை வாசிக்க விடலாம். அந்த நேரத்தில் ஆசிரியரும் வாசிக்க வேண்டும். விடைத்தாள் திருத்தினால் பிள்ளைகள் கணக்கு நோட்டை எடுத்துவிடுவார்கள்.

வகுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் நாற்பது புத்தகம், பொறுப்புக்கு இரண்டு பிள்ளைகள், மாதம் ஒரு முறை பிரிவுகளுக்கிடையே மாற்றம். மாடிக்கும் தரைத்தளத்துக்கும் அலைய நேரமில்லாத பள்ளிகளில் தனி அறையைவிட இதுவே நன்றாக ஓடும். காலாண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைகளுக்கு முந்தைய நாள் ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்புங்கள். அந்த நாளில் இருப்பு சரிபார்ப்பு என்று நூலகத்தை மூடுவது நம் பள்ளிகளின் விசித்திரமான வழக்கம்.

விடுதி உள்ள பள்ளிகளுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு. அங்கே கைப்பேசி இல்லை, மாலை முழுதும் பிள்ளைகள் கண்முன் இருக்கிறார்கள். படிப்பு நேரத்தில் கதைப்புத்தகம் பிடிபட்டால் பறிமுதல் என்ற விதியை வார்டன்கள் வைத்திருக்கட்டும். ஆனால் விளக்கணைக்கும் முன் அரை மணி நேரம் கதைப்புத்தகத்துக்கே என்றும் ஒரு விதி போடுங்கள்.

செய்ய வேண்டாதவையும் உண்டு. வாசித்ததற்கு விமர்சனம் எழுதச் சொல்லாதீர்கள். இணையத்திலிருந்தோ பின்னட்டையிலிருந்தோ நகல் எடுப்பார்கள், அடுத்த முறை எழுதத் தோதான சின்னப் புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். 'அதிகப் புத்தகம் வாசித்தவர்' பரிசும் இப்படித்தான் முடியும். மதிப்பெண் வேண்டாம். பெயர் போட்டு யார் எதை வாசிக்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் வேண்டாம். வீட்டுப் பிரச்சினை பற்றிய புத்தகத்தை எடுக்க நினைத்த பிள்ளை எடுக்காமல் போகும். அதற்குப் பதிலாக வாரம் ஒரு வகுப்பில் ஐந்து நிமிடம் போதும்: மூன்று புத்தகத்தைக் கையில் எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றிலும் சிக்கல் முறுகும் இடம் வரை வாசித்து நிறுத்துவது. 'இதனால் அறியப்படும் நீதி' வேண்டாம். பேசிய புத்தகம் அப்போதே வழங்கத் தயாராக மேசையில் இருக்க வேண்டும்.

கணக்கு வேண்டுமென்றால், வகுப்புவாரியாக மாதம் எத்தனை வழங்கல் என்ற ஓர் எண்ணைக் கேளுங்கள். சிறிய பள்ளிக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. கணினியில் ஒரு அட்டவணை, அல்லது நீளவாக்கு நோட்டில் நூல் எண், மாணவர் எண், தேதி. எந்த வகுப்பின் எண் திடீரென்று விழுகிறது என்று பாருங்கள், காரணம் பெரும்பாலும் அட்டவணையில் இருக்கும்.

இத்தனையையும் முழுப் பாடவேளைச் சுமையோடு ஓர் ஆசிரியர் செய்ய முடியாது. தனி நூலகரை நியமிக்க முடியாத பள்ளிகள் பொறுப்பாசிரியருக்கு வாரம் ஆறு பாடவேளையாவது குறைத்துக் கொடுக்க வேண்டும். பணமில்லாவிட்டாலும் மற்றதைத் தொடங்கலாம். இந்த ஆறு பாடவேளை இல்லாமல் எதுவும் ஓடாது. மே மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இழப்புத் தீர்மானம், பாடவேளைக் குறைப்பு, நூல் வாங்கும் தொகை மூன்றையும் பொருள் நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கழிவுப் பட்டியலின் மாதிரியும் புகார்க் கொள்கையின் மாதிரியும் உங்கள் பொறுப்பாசிரியர் ஒரே மாலையில் எழுதிவிடக் கூடியவைதான்.

அன்புடன்,
பள்ளி நூலகப் பொறுப்பாளர்கள் சிலர்