போர் விமானக் கோட்டோவியங்களும் அச்சில் மறையும் கோடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் பேனாவும் மையும் கொண்டு வரைந்த போர் விமானப் படங்களைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட்டு வருவது மகிழ்ச்சி. உழைப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் பெரும்பாலான படங்களில் ஒரே குறை கண்ணில் படுகிறது. வெளிவிளிம்பு, கதவு இடுக்கு, ஆணித் தலை, நிழல் எல்லாமே ஒரே தடிமன், ஒரே கருமை. வழவழப்பான உலோக உடல், ஓடு பதித்த தரைபோல ஆகிவிடுகிறது. இதில் வரைபவரின் பங்கும் உண்டு, படம் அச்சுக்குப் போகும் வழியின் பங்கும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரின் ஆரம்பகால வடிவத்தின் நீளம் 9.12 மீட்டர். அதைத் தாளில் 12.7 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால் அளவு விகிதம் 1:72. அந்தப் படத்தில் 0.25 மி.மீ. பேனாவால் இழுத்த தகட்டு இணைப்புக் கோடு, நிஜ விமானத்தில் 18 மி.மீ. அகலமான பிளவு! 0.13 பேனாவில் இழுத்தாலும் 9 மி.மீ.க்கு மேல் வருகிறது. எனவே தகட்டு இணைப்புகளை இருப்பதிலேயே மெல்லிய பேனாவால், அதுவும் விட்டுவிட்டு, வெளிச்சம் படும் பக்கத்தில் அறவே இல்லாமல் வரைவதுதான் சரி. ஃபிளாப், எய்லரான், ரட்டர் போன்று அசையும் பாகங்களுக்கு உண்மையிலேயே இடைவெளி உண்டு, அவற்றுக்கு 0.25 பொருந்தும். மேல் விளிம்புக்கு 0.35, வயிற்றுப் பகுதிக்கும் இறக்கையின் நிழல் பக்க விளிம்புக்கும் 0.5. ஆணிகளை வரிசையாகப் புள்ளி வைத்து நிரப்பவே வேண்டாம். ஸ்பிட்ஃபயர் இறக்கையின் ஆணிகள் தகட்டோடு சமமாக அடிக்கப்பட்டவை. சற்றுத் தள்ளி நின்றாலே தெரியாது.

ஆனால் மை தொடுவதற்கு முன்பே பாதிப் படங்கள் கெட்டுவிடுகின்றன. 2H பென்சிலால் முதலில் போட வேண்டியது மூக்கிலிருந்து வால் வரை செல்லும் நடு அச்சுக்கோடு. புரொப்பெல்லர் சுழலும் வட்டம், காற்று உள்வாய், பின்புறப் புகைவாய் ஆகியவை சாய்வாகப் பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரியும். அந்த நீள்வட்டத்தின் குற்றச்சு, அதாவது குறுகிய பக்கத்தின் அச்சு, இந்த நடு அச்சுக்கோட்டின் மேலேயே படிய வேண்டும். சக்கரத்துக்கு அதன் இருசுதான் அச்சு. நீண்ட பக்கத்தின் அச்சான நெட்டச்சைக் கண்மூடித்தனமாகச் செங்குத்தாக நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. மிக்-21 விமானத்தில் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும்: மூக்கு வளையமும் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கூம்பும் ஒரே அச்சில் இருக்க வேண்டியவை. வளையம் சற்றுப் பிசகினாலும் மூக்கு கோணலாகிவிடும்.

கோணங்களிலும் கவனம் வேண்டும். எஃப்-4 ஃபேன்டம் விமானத்தின் வெளி இறக்கைகள் 12 பாகை மேல்நோக்கி உயர்ந்தும், வால் இறக்கைகள் 23 பாகை கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்கும். இரண்டையும் தட்டையாகப் போட்டால் எவ்வளவு நிழல் தீட்டினாலும் அது ஃபேன்டம் ஆகாது. அருகில் நின்று எடுத்த புகைப்படத்தை அப்படியே டிரேஸ் செய்வதும் ஆபத்து. மூக்கு பெருத்து வால் சூம்பியிருக்கும். மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காட்டும் மூன்று கோண வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே விகிதத்தை முடிவு செய்ய வேண்டும்.

நிழலுக்கு இணைகோடுகள் போடும்போது அவை உடற்பகுதியின் வளைவைச் சுற்றிச் செல்லட்டும். அடிவிளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பட்டையைச் சற்று வெளிறலாக விட்டால் உருளை வடிவம் தானாக எழும். உருமறைப்பு வண்ணத்தைக் காட்டும் கோடுகளோ விமானம் முழுவதும் ஒரே திசையில், ஒரே இடைவெளியில் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் போட்டால் எது நிறம், எது நிழல் என்று பிரித்தறிய முடியாது. இறக்கையிலும் உடலிலும் உள்ள விமானப்படை வட்டச் சின்னங்களின் நிறத்துக்கு ஐரோப்பியக் குலச்சின்ன ஓவியர்கள் 17ஆம் நூற்றாண்டு முதல் பின்பற்றும் முறை இன்றும் கைகொடுக்கும்: சிவப்புக்குச் செங்குத்துக் கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு.

காகிதம் பிரிஸ்டல் போர்டு எனப்படும் வழவழப்பான கெட்டி வரைதாளாக இருக்கட்டும். சாதாரணத் தாளில் மை இழைவழியே பரவி 0.13 கோடு 0.3 ஆகிவிடும். ஸ்கேலின் விளிம்பு தாளோடு ஒட்டியிருந்தால் மை அடியில் உறிஞ்சப்பட்டுக் கறையாகும். ஸ்கேலின் அடியில், விளிம்பிலிருந்து உள்தள்ளி, இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டித் தூக்கிவிட்டால் போதும். குறுக்குக் கோடுகளை முதல் அடுக்கு காய்ந்த பிறகே போட வேண்டும், இல்லையெனில் வெட்டும் இடமெல்லாம் மை தேங்கும். ஷெல்லாக் (அரக்கு) கலந்த இந்தியா இங்க் என்னும் கருமையை, மெல்லிய குழாய் முனை கொண்ட டெக்னிகல் பேனாவில் ஊற்றக்கூடாது. உள்ளே காய்ந்து குழாயை அடைத்துவிடும். அது தொட்டெழுதும் நிப்புக்கு உரியது.

இனி தங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். இப்படங்கள் சாம்பல் நிறப் படமாக ஸ்கேன் செய்யப்படுவதாகத் தெரிகிறது. அப்போது அச்சில் ஒவ்வொரு கோடும் புள்ளிகளாக உடைகிறது, விளிம்பு பிசிறடிக்கிறது. தூய கருப்பு-வெள்ளையாக, அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் கோடு கோடாகவே விழும். அதோடு, படம் எந்த அகலத்தில் வெளியாகும் என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து பாதியாகச் சுருக்கினால் 0.25 கோடு 0.125 ஆகும், 0.13 கோடு 0.065 ஆகிச் செய்தித்தாளில் காணாமல் போகும். அளவு தெரிந்தால் வரைபவர் அதற்கேற்ற பேனாவை எடுப்பார். ஒன்றரை மடங்கு நல்ல அளவு.

அனுப்புவோர் மை முழுவதும் காய்ந்தபின் பென்சில் கோடுகளை மென்மையான பிசையும் ரப்பரால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மையும் வெளிறும். தாளை மடித்து உறையில் இடவும் கூடாது. மடிப்பு, கருப்பு-வெள்ளை ஸ்கேனில் இறக்கையின் குறுக்கே ஒரு கருங்கோடாக விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்