வெளியேறச் சொன்னால் எங்கே போவது? லயத்துக் குடும்பங்களுக்காக ஒரு திறந்த மடல்

மேன்மைதங்கிய ஜனாதிபதி அவர்களுக்கும், பெருந்தோட்டம், வீடமைப்பு, அனர்த்த முகாமைத்துவம் ஆகிய பொறுப்புகளில் இருக்கும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பதுளை மாவட்டத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் வளர்பவர்கள். அவர்கள் குடும்பங்களின் காணியைப் பற்றித்தான் இந்த மடல்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டை முழுதாக இழந்தவர்களுக்கு வீடு கட்ட 50 இலட்சம் ரூபாய், காணி இல்லாவிட்டால் காணிக்கு இன்னொரு 50 இலட்சம் என்று அரசு அறிவித்தது. பெரிய தொகை, நல்ல முடிவு. ஆனால் லயத்தில் இருப்பவருக்கு அந்த அறையும் சொந்தமில்லை, அது நிற்கும் நிலமும் சொந்தமில்லை. காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டு, வீட்டிலக்கத்தைச் சொல் என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? ஒரே லயக் காம்பிராவில், அதாவது ஒரே அறையில், தகப்பன், கலியாணம் முடித்த மகன், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. அறையை எண்ணினால் ஒன்று, அடுப்பை எண்ணினால் மூன்று. தயவுசெய்து அடுப்பை எண்ணுங்கள்.

மீரியபெத்தையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் அந்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீட்டில் யாரும் இல்லை. எத்தனையோ பேரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம்தான் இருக்கவில்லை. உயிர் பிழைத்தவர்கள் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டு, புதிய வீடுகளுக்குப் போக 2016 ஒக்டோபர் ஆனது. இரண்டு வருடம்! அதுவும் நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தின் கதை. யாரும் பார்க்காத தோட்டங்களின் கதையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

லயத்துப் பின்பக்கம் ஒருமுறை நின்று பாருங்கள். மலையை வெட்டிய மண்மேடு சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நிற்கும். நடுவே ஒரு கான். மழைத்தண்ணீர் அந்தக் கானில் இறங்கி ஓட வேண்டும். ஆள் போட்டு வெட்டாததால் பல இடங்களில் மண் நிரம்பிப் புல் முளைத்துக் கிடக்கிறது. தண்ணீர் அப்படியே அத்திவாரத்துக்குள் இறங்குகிறது. மண்மேட்டில் புதிதாக ஊற்றுக் கண் திறந்தாலோ, தெளிந்த ஊற்று கலங்கி வந்தாலோ, வாசலில் வெடிப்பு விழுந்தாலோ என்ன அர்த்தம் என்பது எங்கள் சனத்துக்குத் தெரியும். தெரிந்தும் அங்கேயே படுக்கிறார்கள்.

ஏன் போகவில்லை என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். மழை பெய்யும் இரவில் கோயிலுக்கோ பாடசாலைக்கோ போகத்தான் செய்கிறார்கள். காலையில் மாடு கத்தும். கொழுந்து மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. முகாமில் ஒரு வாரம் இருந்தால் ஒரு வாரச் சம்பளம் போகும். அப்புறம் திரும்பி வருவதற்கு அதே லயம்தான். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேற வேண்டும் என்கிறீர்கள். சரி, அந்த மழையை அளக்கும் மானி எங்கள் மலையில் இருக்கிறதா? பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மழை மாறும் இடம் இது. டித்வா நேரத்தில் தமிழ் அறிவித்தல்கள் தாமதமானதாகக் குறை எழுந்ததே, அடுத்த மழையிலும் அதே குறை வரக்கூடாது. தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனுக்கும் (பிரிவுக்கும்) ஒரு மழைமானி, மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் அறிவித்தல், வெளியேறிய நாட்களுக்குச் சம்பளம். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

பெரிய விஷயம் காணிதான். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனதே தவிர, நிலம் இன்றும் அரசினுடையது. குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் வீட்டுக்கு ஒரு துண்டு மீட்க அரசால் முடியாதா? கம்பெனி சம்மதம் வரவில்லை என்று கோப்பு மேசைக்கு மேசை அலைவதை ஏற்க முடியவில்லை. சம்மதம் கேட்கும் இடத்தில் அரசு ஏன் நிற்க வேண்டும்? வீட்டுக்கு 7 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி) என்ற பழைய காணி அளவையும் மறுபடி பாருங்கள். ஒரு மரக்கறிப் பாத்தி, ஒரு மாட்டுப் பட்டி, வளர்ந்த மகனுக்கு ஓர் அறை, இவ்வளவும் 7 பேர்ச்சில் அடங்காது. உறுதியைப் புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலும் எழுதுங்கள். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குவது பெரும்பாலும் பெண்கள்தான்.

இன்னொன்று. மண் ஆராய்ச்சி செய்யாமல் அவசரத்தில் இன்னொரு சரிவில் வீடு கட்டித் தராதீர்கள். நல்ல இடம் என்றாலும், தண்ணீரும் பாதையும் பாடசாலையும் பல மைல் தள்ளி இருந்தால் சனம் பழைய லயத்துக்கே திரும்பும்.

கேட்பது இதுதான். ஒக்டோபர் மழை தொடங்குமுன், தோட்டம் தோட்டமாகப் பட்டியல் வெளியிடுங்கள்: அபாய வலயத்தில் இருக்கும் குடும்பங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய காணி எங்கே, உறுதி எந்தத் திகதியில் கைக்கு வரும், அதற்குப் பொறுப்பான அதிகாரி யார். பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். விடுபட்ட குடும்பம் எது என்று சனமே வந்து சொல்லும்.

இப்படிக்கு,
பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்